பங்குக்காரருக்குக் காயம் பட்டால்

அரிப்புக்குப் போகிற ஆக்கள் அல்லிராணிக் கோட்டைக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுக்காமல் திரும்புவதில்லை. அல்லிராணி அங்கே இருந்தாளா இல்லையா என்பது வேற கதை. கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்கிற அந்தக் கட்டடத்தை 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தவர் இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த். முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்கியிருந்து மேற்பார்வை செய்யத்தான் அந்த வீடு.

முத்தைப் பற்றி நிறைய எழுதியாச்சு. பாண்டியர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், யார் எவ்வளவு அள்ளினார்கள் என்று கணக்கும் இருக்கு. நாங்கள் இங்கே கேட்கப்போவது அதைவிடச் சின்னக் கேள்வி. அந்தக் கடலுக்குள் இறங்கிக் காயம் பட்டவருக்கு யார் பொறுப்பு? ஆஸ்பத்திரிச் செலவை, இழந்த உழைப்பை, போன காலை யார் ஈடு செய்தார்கள்? இதைத் தேடிப் போனால் மன்னார்க் கரையின் சரித்திரம் கொஞ்சம் வேற மாதிரித் தெரியத் தொடங்குது.

முதல்ல வேலையைப் பார்ப்பம். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி படுக்கிற இடங்களுக்குப் பார் என்று பேர். பெரியபார், வங்காலைப்பார் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பேர். ஆழம் ஐந்து பாகத்தில் இருந்து பத்துப் பாகம் வரைக்கும். 1803இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் போட்ட ரொபர்ட் பேர்சிவல் என்ற ஆங்கிலேயப் படையதிகாரி கொண்டச்சிக் குடாவில் நடந்த குளிப்பை விவரிக்கிறார். ஒரு வள்ளத்தில் தண்டேலைத் தவிர இருபது பேர். பத்துப் பேர் குளிப்பவர்கள், பத்துப் பேர் தண்டு வலிக்கவும் கயிறு இழுக்கவும். ஐந்து கல். ஐந்து பேர் கல்லோடு இறங்க மற்ற ஐந்து பேர் மேலே மூச்சு வாங்குவார்கள், பிறகு மாறுவார்கள். கல்லைக் காலில் கொளுவி, மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு நேரே கீழே. சிப்பியை வலைப்பையில் அள்ளிப்போட்டுக் கயிற்றை ஒரு இழுவை இழுத்தால் மேலே இருப்பவர் தூக்குவார். வளைகுடா நாடுகளில் இருந்து வந்த அரபிகள் மட்டும் மூக்குக்குக் கொம்பில் செய்த கவ்வி போட்டார்கள். கீழக்கரை, தொண்டி முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரவர், மலையாளத்தார், எங்கட கரை ஆக்கள் எல்லாருக்கும் கைதான் கவ்வி.

பத்து மீற்றர் ஆழத்தில் உடலை அழுத்துகிற அழுத்தம் மேலே இருப்பதன் இரண்டு மடங்கு. அதை முதலில் உணர்வது காது. செவிப்பறை உள்ளே தள்ளப்படும், பழக்கம் இல்லாதவருக்குக் கிழியும், பழகியவருக்கும் வருசக் கணக்கில் தடித்து மந்தமாகும். பேர்சிவல் எழுதுகிறார், மேலே வரும்போது வாயாலும் காதாலும் மூக்காலும் தண்ணீரும் அடிக்கடி இரத்தமும் வரும், ஆனாலும் தங்கள் முறைக்குத் திரும்ப இறங்குவார்கள், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை என்று. (அவர் சொல்லும் இரண்டு நிமிடக் கணக்கை நாங்கள் நம்பவில்லை. பின்னால் மணிக்கூடு வைத்துப் பார்த்தவர்கள் ஒரு நிமிடத்தைச் சுற்றித்தான் எழுதியிருக்கினம். இரத்தம் வேற விசயம். அழுத்தத்துக்கு அது நடக்கக்கூடியதுதான்.) இரத்தம் வந்ததை அவர் எழுதுகிற தொனியைப் பாருங்கள். மாடு நுரை தள்ளுவதைப் பற்றி எழுதுவது மாதிரி. காயம் அங்கே ஒரு சம்பவம்கூட இல்லை, தொழிலின் நிறம்.

சம்பவமாக எழுதப்பட்ட காயம் ஒன்று உண்டு. 1797 மார்ச், ஏப்ரலில் நடந்த குளிப்பைப் பற்றி லெ பெக் என்பவர் கல்கத்தாவின் ஆசியக் கழக வெளியீட்டில் எழுதினார். சுறாவைக் கட்டுவதற்கு மந்திரம் சொல்பவர்கள் இல்லாமல் யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். அவர்களுக்குக் கடல்கட்டி என்று பேர். அப்படி எல்லாம் கட்டியிருந்தும் குளித்துக்கொண்டிருந்த ஒருவரின் காலைச் சுறா கடித்து எடுத்துவிட்டது. தலைமைக் கடல்கட்டியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவருடைய பதில், தனக்கு ஆகாத ஒரு கிழவி மலையாளக் கரையில் இருந்து வந்து எதிர்மந்திரம் போட்டுவிட்டாள், அது தெரியவர நேரமாகிவிட்டது, இப்ப சரிக்கட்டியாச்சு, இனிச் சுறா பக்கத்தில் வந்தாலும் வாய் திறக்காது.

வாசித்துச் சிரித்தோம். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. இது ஒரு விபத்து விசாரணை. பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள், அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவர் மூன்றாம் ஆளில் பழியைப் போட்டிருக்கிறார், திருத்த நடவடிக்கை எடுத்தாச்சு என்று அறிக்கை கொடுத்திருக்கிறார். இண்டைக்கு ஒரு கம்பனி செய்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கதை மந்திரவாதியோடும் கிழவியோடும் போய்விடுகிறது. காலை இழந்தவர் அந்த இடத்திலேயே விடுபட்டுப் போகிறார்.

கடல்கட்டிக்குக் கொடுக்கும் காசு பழசு. 13ஆம் நூற்றாண்டு முடிவில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவின் பயணக்குறிப்பில், வளைகுடாவில் எடுக்கும் முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுகிற பிராமணருக்கு இருபதில் ஒரு பங்கு என்று இருக்கு. இருபதில் ஒன்று என்றால் ஐந்து சதவீதம். ஒரு காப்புறுதிக் கம்பனி கேட்கிற பிரிமியம் மாதிரித்தான். ஆனா காப்புறுதி என்றால் விபத்து நடந்தபிறகு காசு வரவேணும். இங்கே காசு போற வழி மட்டும் இருந்தது. பிரித்தானியரும் மூடநம்பிக்கை என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே கடல்கட்டியை வைத்திருந்தார்கள். அவர் இல்லையென்றால் ஆள் இறங்காது, ஆள் இறங்காவிட்டால் வருமானம் இல்லை.

இனிப் பங்குக்கு வருவம். எங்களைப் பொறுத்தவரை எல்லாம் இதில்தான் தொங்குது.

குளிப்பவருக்குச் சம்பளம் இல்லை, சிப்பியில் பங்கு. 19ஆம் நூற்றாண்டில் நாலில் ஒன்று, 1903-1905 குளிப்புகளில் மூன்றில் ஒன்று. மிச்சம் அரசுக்கு. கரைக்கு வந்த சிப்பியைக் கொட்டு என்கிற வேலியடைத்த இடத்தில் போட்டுப் பிரித்து எண்ணுவார்கள். தன் பங்கைக் குளிப்பவர் வாசலிலேயே விற்கலாம். 1905 குளிப்பு பெரிய பேர் எடுத்தது. ஏறக்குறைய 5,000 பேர் குளித்தார்கள், 8 கோடிக்கு மேல் சிப்பி, அரசுக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா வருமானம். மறிச்சுக்கட்டியில் காட்டை வெட்டி ஓலைக் கொட்டிலால் ஒரு நகரமே எழும்பியது. ஆஸ்பத்திரி, தபால் கந்தோர், பொலிஸ், மறியல், நீதிமன்றம் எல்லாம் இருந்தது. நீதிமன்றத்துக்கு முக்கியமான வேலை முத்துக் களவு.

பங்கு முறையை வெறும் சுரண்டல் என்று எழுதிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. அது குளிப்பவர்களும் விரும்பின முறை. ஒரு சிப்பிக்குள் என்ன இருக்கும் என்று ஆருக்கும் தெரியாது. நாலு அணாக் கூலியைவிட அந்த நம்பிக்கை பெரிசு. பாரசீக வளைகுடாவில் முற்பணக் கடனில் தலைமுறையாக மாட்டுப்பட்டிருந்த குளிப்பாளர்களோடு ஒப்பிட்டால் மன்னாருக்கு வந்தவர்கள் தாங்களாக வந்து தாங்களாகப் போனவர்கள். பிடிக்காவிட்டால் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம், போயும் இருக்கிறார்கள்.

ஆனா பங்கு என்கிற சொல்லுக்குள் இன்னொரு பொருள் இருக்கு. கூலிக்காரனுக்கு முதலாளி உண்டு. பங்காளிக்கு முதலாளி இல்லை. இலாபத்தில் பங்கு என்றால் நட்டத்திலும் பங்கு. உன் கால் உன் நட்டம்.

சட்டம் என்ன சொன்னது என்று பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அல்லிராணிக் கோட்டையைக் கட்டின அதே நோர்த்தான் 1799 செப்டெம்பர் 23ஆம் திகதிப் பிரகடனத்தால் ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்கள் தொடரும் என்று அறிவித்தவர். அப்படித்தான் உரோமன் டச்சுச் சட்டம் இலங்கையின் பொதுச் சட்டமாக நிலைத்தது. அதன் வேர் கி.மு. 3ஆம் நூற்றாண்டு உரோமின் அக்குவிலியா சட்டம். ஒருவர் இன்னொருவரின் அடிமையையோ மாட்டையோ கொன்றால் சொந்தக்காரருக்கு விலை கொடுக்கவேணும். சுதந்திர மனிதனுக்குக் காயம் பட்டால்? வைத்தியச் செலவும் இழந்த உழைப்பும் கேட்கலாம், ஆனா தழும்புக்கு மதிப்புப் போட முடியாது என்றார்கள் உரோமச் சட்டவறிஞர்கள், ஏனென்றால் சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை கிடையாது. கேட்க மரியாதையாகத்தான் இருக்கு. மரியாதையின் விலையைக் காயக்காரர் கட்டினார். ஒல்லாந்தில் இதை மாற்றினார்கள். அந்த நாட்டு வழக்கத்தைச் சேர்த்து வலிக்கும் உருக்குலைவுக்கும் பணம் கேட்கலாம் என்றார்கள். உழைத்துப் போட்டவர் அடுத்தவரின் பிழையால் செத்தால் மனைவியும் பிள்ளைகளும் தங்கள் வாழ்வாதாரத்துக்கு வழக்குப் போடலாம் என்றும் வைத்தார்கள்.

இங்கிலாந்தில் அந்த உரிமை இல்லை. 1808இல் அங்கே ஒரு நீதிபதி, மனிதன் செத்ததற்கு உரிமையியல் நீதிமன்றத்தில் நட்டம் கேட்க முடியாது என்று தீர்த்தார். 1846இல் பாராளுமன்றம் சட்டம் போட்டபிறகுதான் விதவைகளுக்கு வழி திறந்தது. ஆக ஏட்டின்படி பார்த்தால் 1804இல் சிலாவத்துறை விதவை ஒருவருக்கு இலண்டன் விதவையைவிடக் கூடின உரிமை இருந்தது!

ஏட்டின்படி. ஏனென்றால் வழக்குப் போட ஒரு பிழை வேணும், பிழை செய்த ஆள் வேணும். சுறா கடித்தால் யாரின் பிழை? செவிப்பறை கிழிந்தால் யாரின் கவனயீனம்? கயிற்றுக்காரர் பிந்தித் தூக்கினார் என்று சொல்லலாம், அவரும் அதே வள்ளத்துப் பங்காளி, அநேகமாக மச்சானோ அண்ணனோ. அரசு சொல்லும், நான் ஏலம் போட்டனான், நீ தெரிஞ்சு இறங்கினனீ.

இந்த ‘யாரின் பிழை’ என்ற கேள்வியையே தூக்கி எறிந்த சட்டம் 19ஆம் நூற்றாண்டு முடிவில்தான் வந்தது. இயந்திரம் விரலை எடுக்கும்போது பிழை தேடிக்கொண்டிருக்க ஏலாது, வேலையின்போது வேலையால் காயம் என்றால் முதலாளி கொடுக்கவேணும், முடிஞ்சுது. ஜேர்மனி 1884, பிரித்தானியா 1897. தொழிலாளர் சரித்திரத்தில் பெரிய திருப்பம் இது. பிரித்தானியா 1906இல் இதை விரித்துக் கடலோடிகளையும் சேர்த்தது. சேர்க்கும்போது ஒரு விலக்கு வைத்தார்கள். மீன்பிடிக் கலத்தில் இலாபத்திலோ மொத்த வருவாயிலோ பங்கு வாங்கி வேலை செய்பவர்களுக்கு இந்தச் சட்டம் செல்லாது.

தற்செயலாக அதே 1906இல்தான் இலங்கை அரசு முத்துப் பார்களை ஒரு இலண்டன் கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்கு, வருசம் 3,10,000 ரூபாவுக்குக் கொடுத்தது. இரண்டு குளிப்போடு சிப்பி ஓய்ந்து, 1912இல் கம்பனி மூடப்பட்டது. முதல் போட்டவர்களின் நட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுத்து இருக்கு. கடைசிப் பெரிய குளிப்பு 1925.

தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இலங்கைக்கு வந்தது 1934இல், 19ஆம் இலக்கம். அதாவது கடையைப் பூட்டி ஒன்பது வருசத்துக்குப் பிறகு. இந்தியாவில் 1923. இந்தச் சட்டங்களின் பின்னால் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். உரோமர் போடமாட்டோம் என்ற விலை அதில் சதவீதமாகப் போட்டிருக்கு. 1923 இந்திய அட்டவணையில் வலக்கை முழங்கைக்கு மேலே போனால் உழைக்கும் வலுவில் 70, இடக்கை 60, ஒரு கண் 30, கேட்கும் திறன் முற்றாகப் போனால் 50. இலங்கையும் இதே மாதிரி ஒரு அட்டவணையை வைத்தது. முதலில் பார்க்கக் கசாப்புக் கடை விலைப்பட்டியல் மாதிரிக் கிடக்கும். ஆனா அந்தப் பட்டியல் இல்லாததால் என்ன நடந்தது என்பதற்குத்தான் இவ்வளவு நேரமும் மன்னாரைப் பார்த்தோம். காது கேளாமல் போன குளிப்பாளர் ஒரு ஆலையில் வேலை செய்திருந்தால் பாதி மனிதனின் கணக்காவது கிடைத்திருக்கும்.

முத்து முடிந்தாலும் குளிப்பு முடியவில்லை. சங்கும் கடலட்டையும் இண்டைக்கும் மன்னார்க் கரையின் தொழில். எங்கட பீடத்திலேயே அந்தக் குடும்பங்களில் இருந்து வந்து படிக்கிற ஆக்கள் இருக்கினம். இப்ப கல் இல்லை, முதுகில் சிலிண்டர். சிலிண்டர் வந்ததோடு காயமும் மாறிவிட்டது. மூச்சை அடக்கி ஒருதரம் இறங்கி ஏறினவருக்குக் காதும் சுறாவும்தான் முக்கிய பயம். (ஒரு நாள் முழுக்க விடாமல் குளித்தால் மூச்சடக்கியவருக்கும் மூளைப் பாதிப்பு வரலாம். பசுபிக்கில் துவாமோட்டுத் தீவுகளின் முத்துக்குளிப்பவர்கள் அதற்குத் தரவானா என்று பேரே வைத்திருந்தார்கள்.) ஆழத்தில் நின்று அழுத்தக் காற்றைச் சுவாசிப்பவருக்கு நைதரசன் இரத்தத்திலும் இழையத்திலும் கரையும். கெதியாக மேலே வந்தால் சோடாப் போத்தல் திறந்த மாதிரிக் குமிழாகும். மூட்டுவலி, கால் விறைப்பு, மோசமானால் இடுப்புக்குக் கீழே இயக்கமே இல்லாமல் போகும். இதைத் தவிர்க்கக் கட்டம் கட்டமாக நின்று நின்று ஏறவேணும் என்ற அட்டவணையைப் பிரித்தானிய உடலியலாளர் ஹால்டேன் 1908இல் வெளியிட்டார். நூறு வருசத்துக்கு மேல் பழைய அறிவு. பங்குக்குக் குளிப்பவருக்கு நின்று நின்று ஏறுவது என்றால் நேரம், நேரம் என்றால் அடுத்த சிலிண்டர், அடுத்த சிலிண்டர் என்றால் அட்டை. பங்கு முறை வேகத்துக்குக் காசு கொடுக்குது, உடம்பு வேகத்துக்குத் தண்டனை கொடுக்குது.

அப்படி விழுந்த ஒருவர் இண்டைக்கு எங்கே போய்க் கேட்கலாம்?

1934 சட்டம் இன்னும் இருக்கு. 2022இல் திருத்தி, வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்து, உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக்கினார்கள். நல்ல விசயம். ஆனா அதன் வாசலில் ஒரு முதலாளியையும் ஒரு வேலை ஒப்பந்தத்தையும் காட்டவேணும். வள்ளம் சம்மாட்டியுடையது, எண்ணெய்ச் செலவைக் கழித்து மிச்சத்தில் பங்கு, எழுத்தில் ஒன்றும் இல்லை. சம்மாட்டி நல்ல மனிசன் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார், வீட்டுக்கு அரிசி அனுப்புவார். அது அவருடைய குணம், இவருடைய உரிமை இல்லை.

தீங்கியல் வழக்கு என்று போனால் பிழை நிரூபிக்கவேணும், இரண்டு வருசத்துக்குள் போடவேணும். அந்தக் கால எல்லை 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தில் இருப்பது. கால் ஒரு நாளில் போகும், திகதி சொல்லலாம். காது பதினைந்து வருசமாகப் போகும். எந்த நாளில் இருந்து இரண்டு வருசத்தை எண்ணுவது?

1990இல் 23ஆம் இலக்கச் சட்டத்தால் மீனவர்களுக்கு ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். காசு கட்டிச் சேர்ந்தவருக்கு ஊனம், இறப்பு நேர்ந்தாலும் கொடுப்பனவு உண்டு. முதலாளி யார் என்று கேட்காத திட்டம், பங்குக்காரருக்குப் பொருத்தமானது. ஆனா அந்த வருசத்தை யோசித்துப் பாருங்கள். 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியது. ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த்தீவு, முசலிப் பக்கத்து முஸ்லிம் கிராமங்கள், சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி உட்பட, வெறுமையாகின. தலைமுறை தலைமுறையாகக் கடல் தெரிந்த குடும்பங்கள் புத்தளத்தில் அகதி முகாம்களில் இருந்தன. மிஞ்சிய தமிழ் மீனவர்களுக்குக் கடல் தடை, பாஸ், ஷெல். ஓய்வூதியத் தவணை கட்ட ஆருக்கு நேரம்?

போரில் காயம் பட்டவர்களுக்கு வேற வழி வைத்தார்கள். 1987இல் ஒரு புனர்வாழ்வு அதிகாரசபை, பிறகு 2018இன் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம். ஆரின் குண்டு, ஆரின் மிதிவெடி என்ற விசாரணைக்குள் போகாமல் கொடுக்கும் தொகை அது. பிழை தேடாத நட்டஈடு ஆலைத் தொழிலாளிக்கு வெற்றியாக இருந்தது. மிதிவெடியில் கால் போனவருக்கு அதுவே, பிழை செய்தவரைக் கடைசிவரை பேர் சொல்லாமல் விடுகிற வழியாகவும் இருக்கு. இது தனிக் கட்டுரைக்கு உரிய விசயம், எங்களில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

குளிப்பவருக்குத் திரும்புவம். சர்வதேசத் தொழில் அமைப்பு 2007இல் மீன்பிடி வேலை பற்றி 188ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. மீனவர் என்றால் யார் என்று சொல்லும் வாசகத்திலேயே, பிடிபாட்டில் பங்கு வாங்கி வேலை செய்பவர்களும் அதில் அடங்குவர் என்று எழுதியிருக்கிறார்கள். வேலையில் பட்ட காயத்துக்கு வைத்தியமும் நட்டஈடும் கிடைக்க நாடுகள் வழி செய்யவேணும் என்றும் இருக்கு. 1906இல் விலக்கு வைத்த அதே ஆட்களை 101 வருசம் கழித்து உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எங்களில் ஒருவர் கேட்டார், அப்ப சம்மாட்டி முதலாளியா எண்டு. பெரும்பாலான சம்மாட்டிகளுக்கு ஒரு வள்ளம், ஒரு இயந்திரம், அதற்கும் கடன். ஒரு முள்ளந்தண்டுக் காயத்துக்கு நட்டஈடு கட்டினால் வள்ளமே போய்விடும். அட்டையை வாங்குகிற வியாபாரி, அதைக் கொழும்பில் இருந்து சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் ஏற்றுகிற கம்பனி, ஏற்றுமதியில் வரி எடுக்கிற அரசு, எல்லாருமே அந்தக் கடலடியில் பங்கு வாங்குகிறவர்கள்தான். மார்க்கோ போலோ எழுதின இருபதில் ஒன்று மாதிரி ஒரு சின்ன வெட்டை ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவிலும் போட்டு, காயம் பட்டவருக்கென்று தனியாக வைக்கலாமே என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்படி வைத்தால் நிதியை யார் கையில் கொடுப்பது, கூட்டுறவுச் சங்கத்திடமா கடற்றொழில் திணைக்களத்திடமா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை.